மூடி வைத்த லெப்டொப்பில் சார்ஜ் எங்கே போகிறது?

தேயிலைக்கிளி, மஸ்கெலியா:

மூடி வைத்திருக்கும்போதே என் லெப்டொப்பில் சார்ஜ் இறங்கிவிடுகிறது, எந்த செட்டிங்கை மாற்றுவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். காலையில் பாடசாலைக்குப் போகும்போது 80 சதவீதத்தில் மூடி வைக்கிறேன், பின்னேரம் திறந்தால் 40க்குக் கீழே நிற்கிறது, சில நாள் பவர் பட்டனை அழுத்தினாலும் அசையாது. பையில் போட்டுக்கொண்டு போன நாட்களில் வெளியே எடுக்கும்போது அடிப்பக்கம் சூடாக இருக்கிறது. நான் எதையும் ஓட விட்டு மூடுவதில்லை.

பாவித்த மெஷின், அண்ணா கொழும்பில் வாங்கிக் கொடுத்தார். பத்தாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 128 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. இரவு ஏழு மணிக்குத் தோட்டத்துப் பிள்ளைகள் கொஞ்சப் பேருக்கு சூமில் புலமைப்பரிசில் வகுப்பு எடுக்கிறேன். இப்போது காற்றுக் காலம், ஒரு சவுக்கு மரக் கிளை லைனில் விழுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, வீட்டுக்கு வரும் நேரத்தில் கரண்டும் இல்லை லெப்டொப்பில் சார்ஜும் இல்லை என்றால் அன்றைக்கு வகுப்பு இல்லை.

யூடியூபில் பார்த்து பவர் சேவர் ப்ளானைத் தெரிவு செய்யப் போனால் என்னுடையதில் பெலன்ஸ்ட் என்ற ஒன்றுதான் இருக்கிறது. பிரைட்னஸைக் குறைத்தேன், பெட்டரி சேவர் போட்டேன், திறந்து வேலை செய்யும்போது கொஞ்சம் வித்தியாசம் தெரிகிறது, மூடி வைத்தால் பழைய கதைதான். டவுனில் ஒரு கடையில் காட்டினால் கையில் வாங்கிக்கூடப் பார்க்காமல் பெட்டரியை மாற்றுங்கள் என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

கொத்மலை ஓயா:

கடைக்காரர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். பாவித்த லெப்டொப் என்றாலே பெட்டரி போயிருக்கும். புதிதாக ஒன்று போடுங்கள், வேலை முடிந்தது.

ஸ்க்ரூட்ரைவர், ஹட்டன்:

தங்கச்சி, அவசரப்பட்டுக் காசைக் கொட்ட வேண்டாம். பெட்டரி பழசாக இருக்கலாம், அதை அப்புறம் பார்ப்போம், ஆனால் பழைய பெட்டரியின் குணம் திறந்து வேலை செய்யும்போது சீக்கிரம் இறங்குவது. மூடி வைத்த மெஷினில் பாதி சார்ஜ் காணாமல் போகிறது, பையில் சூடாகவும் இருக்கிறது என்றால் அது தூங்கவே இல்லை. அம்மா வந்து பார்க்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கும் பிள்ளை மாதிரி நடிக்கிறது.

பழைய லெப்டொப்களில் ஸ்லீப் என்றால் எஸ்3 என்ற நிலை. ரேமுக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போகும், மற்றதெல்லாம் நின்றுவிடும். இப்போது வருபவற்றில் பெரும்பாலும் எஸ்0 என்ற வேறு ஏற்பாடு. போனைப் போல, திரை அணைந்தாலும் உள்ளே அரைத் தூக்கம், அவ்வப்போது எழுந்து வைஃபை பார்க்கும், மெயில் பார்க்கும், அப்டேட் இறக்கும். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது கனெக்டட் ஸ்டேன்ட்பை என்று தொடங்கினார்கள், விண்டோஸ் 10இலிருந்து மொடர்ன் ஸ்டேன்ட்பை என்று பெயர். ஒவ்வொரு பாகத்தையும் இயக்கும் மென்பொருள்தான் ட்ரைவர், எல்லா ட்ரைவரும் ஒழுங்காக இருந்தால் ஒரு இரவுக்குச் சில சதவீதம்தான் போகும். ஒரு வைஃபை ட்ரைவர் முரண்டு பிடித்தால் பாதி போய்விடும்.

உங்களிடம் பெலன்ஸ்ட் ப்ளான் மட்டும் இருப்பதும் இதனால்தான். மொடர்ன் ஸ்டேன்ட்பை உள்ள மெஷினில் விண்டோஸ் அந்த ஒன்றைத்தான் காட்டும், யூடியூப்காரர்கள் பழைய மெஷினில் எடுத்த வீடியோவைப் பார்த்து நாம் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறோம்.

இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ஸ்டார்ட் பட்டனை ரைட் க்ளிக் பண்ணி டெர்மினல் அட்மின் என்பதைத் திறக்கவும். போனில் இருந்து எழுதுவதால் தமிழில்தான் தருகிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்: பவர் என்ற சொல், அதோடு ஒட்டி சி, எஃப், ஜி என்று மூன்று எழுத்து, ஒரு இடைவெளி, ஒரு ஸ்லாஷ், ஸ்லாஷோடு ஒட்டி ஏ என்ற எழுத்து. எந்தெந்தத் தூக்கம் இருக்கிறது, எது இல்லை, ஏன் இல்லை என்று பட்டியல் வரும். அடுத்தது அதே கட்டளை, ஏ என்ற இடத்தில் பெட்டரி ரிப்போர்ட் என்று இடைவெளி இல்லாமல். அது ஒரு பக்கத்தைச் சேமித்துவிட்டு எங்கே சேமித்தது என்று சொல்லும், ப்ரவுசரில் திறந்து டிசைன் கெப்பசிட்டி (புதிதில் பிடித்த அளவு), ஃபுல் சார்ஜ் கெப்பசிட்டி (இப்போது பிடிக்கும் அளவு) இரண்டையும் இங்கே போடுங்கள்.

தேயிலைக்கிளி, மஸ்கெலியா:

நன்றி அண்ணா, இப்போதுதான் பார்த்தேன். இருப்பது எஸ்0 ஒன்றுதான், நெட்வேர்க் கனெக்டட் என்றும் பக்கத்தில் இருக்கிறது. எஸ்3ஐ இந்த மெஷினின் ஃபேர்ம்வெயார், அதாவது உள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள், ஆதரிக்கவில்லை என்கிறது. ஹைபர்நேட் என்ற இடத்தில், ஹைபர்நேஷன் இயக்கப்படவில்லை என்ற மாதிரி ஒரு வரி. நான் அதைத் தொட்டதே இல்லை.

பெட்டரி ரிப்போர்ட்டில் டிசைன் 42,000, ஃபுல் சார்ஜ் 27,300, இரண்டும் மில்லி வாட் அவர். சைக்கிள் கவுண்ட் என்ற இடத்தில் வெறும் கோடு.

ஸ்க்ரூட்ரைவர், ஹட்டன்:

சரி, ஆள் அகப்பட்டுவிட்டார். ஹைபர்நேட் என்றால் திறந்திருப்பதையெல்லாம் டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு மெஷின் முழுதாக அணைந்துவிடுவது, அதை யாரோ நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பாவித்த லெப்டொப் விற்பவர்கள் சிலர் 128 ஜிபி டிஸ்க்கில் இடம் அதிகமாகத் தெரிய வேண்டும் என்று இதைச் செய்வார்கள், ஏனென்றால் ஹைபர்நேட் இருந்தால் ரேமில் உள்ளதை எழுதி வைக்க டிஸ்க்கில் ஒரு கோப்பு ஒதுங்கும், வழக்கமாக ரேமின் அளவில் 40 சதவீதம், உங்களுக்கு 3 ஜிபி சொச்சம். அந்த 3 ஜிபிக்காக வேறொன்றும் கெட்டுப்போகிறது. மொடர்ன் ஸ்டேன்ட்பை மெஷினில், தூக்கத்தில் அளவுக்கு மீறிச் சார்ஜ் இறங்கினால் விண்டோஸ் தானாகவே ஹைபர்நேட்டுக்குப் போய்விடும், அதுதான் அதன் பாதுகாப்பு. ஹைபர்நேட்டே இல்லாத மெஷின் எங்கே போகும்? சார்ஜ் தீரும்வரை அரைத் தூக்கத்தில் கிடந்து செத்துப்போகும்.

அதே டெர்மினலில் அதே கட்டளை, ஸ்லாஷுக்குப் பிறகு ஹெச், ஒரு இடைவெளி, ஓ, என். ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்கு வந்தால் வேலை நடந்துவிட்டது. பிறகு கொன்ட்ரோல் பெனலில் பவர் ஒப்ஷன்ஸ் திறந்தால், மூடியை மூடும்போது என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் இணைப்பு இடது பக்கம் இருக்கும். அதில் இரண்டு வரிசை, பெட்டரியில் இருக்கும்போது ஒன்று, சார்ஜரில் இருக்கும்போது ஒன்று. பெட்டரி வரிசையில் லிட் என்பதற்கு ஹைபர்நேட், பவர் பட்டனுக்கு ஸ்லீப். பத்து நிமிடம் எழுந்து தேத்தண்ணி போட்டுவிட்டு வருவதற்குப் பட்டனை ஒரு தட்டு தட்டினால் போதும், நாள் முழுக்க வைத்துவிட்டுப் போவதென்றால் மூடியை மூடுங்கள். ஹைபர்நேட்டில் பெட்டரியில் இருந்து இழுப்பது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, திறந்து வைத்த கோப்பெல்லாம் அப்படியே திரும்பி வரும், எஸ்எஸ்டி என்பதால் எழும்ப ஸ்லீப்பை விடச் சில விநாடிதான் அதிகம். அதே பக்கத்தில் கீழே ஹைபர்நேட்டுக்கு ஒரு டிக் இருக்கும், மங்கலாக இருந்தால் மேலே உள்ள சேஞ்ச் செட்டிங்ஸ் வரியை முதலில் தட்ட வேண்டும். டிக் போட்டால் ஸ்டார்ட் மெனுவிலும் வரும்.

விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி சேர்த்து எஸ்3ஐத் திரும்பக் கொண்டுவரலாம் என்று சில வீடியோக்கள் சொல்லும். உங்கள் ஃபேர்ம்வெயாரில் எஸ்3 இல்லை என்று விண்டோஸே சொல்லிவிட்டது. அதைச் செய்துவிட்டு எழும்பாத மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், கிட்டே போக வேண்டாம்.

இனி பெட்டரி. 42,000க்கு 27,300 என்றால் 65 சதவீதம் மிச்சம். நல்ல பெட்டரி இல்லை, தூக்கிப் போடுகிற பெட்டரியும் இல்லை. ஆனால் இப்படித் தேய்ந்த பெட்டரிக்கு ஒரு கெட்ட பழக்கம், 15, 12 என்று காட்டிக்கொண்டே இருந்துவிட்டு ஒரேயடியாகக் கண்ணை மூடும். விண்டோஸ் கடைசி 5 சதவீதத்தில்தான் முழித்துக்கொண்டு ஹைபர்நேட் பண்ணப் பார்க்கும், அதற்குள் ஆள் போய்விடுவார், நீங்கள் எழுதிக்கொண்டிருந்த வினாத்தாளும் போய்விடும். அட்வான்ஸ்ட் பவர் செட்டிங்ஸில் பெட்டரி என்ற பகுதியைத் திறந்து க்ரிட்டிக்கல் லெவலை 12 ஆக்குங்கள், க்ரிட்டிக்கல் எக்ஷன் ஹைபர்நேட் என்று வையுங்கள், லோ பெட்டரி எச்சரிக்கையை 20க்குக் கொண்டுபோங்கள்.

27.3 வாட் அவரில் அந்த 12 சதவீதத்தைக் கழித்தால் கையில் 24 வாட் அவர். சூமில் உங்கள் வீடியோவும் ஓடி, திரையும் முழு வெளிச்சத்தில் இருந்தால் இந்த மாதிரி மெஷின் 14 வாட் பக்கம் இழுக்கும், ஒன்றரை மணித்தியாலத்தைக் கொஞ்சம் தாண்டும். உங்கள் கமராவை நிறுத்தி, பிரைட்னஸைப் பாதிக்குக் கீழே இறக்கி, க்ரோமில் திறந்து வைத்த இருபது டெப்பையும் மூடினால் 10க்குக் கொண்டுவரலாம், இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வரும். வகுப்புக்கு அது போதாதா? அட்வான்ஸ்ட் செட்டிங்ஸில் ப்ரொசசர் பகுதி இருந்தால், மெக்ஸிமம் ஸ்டேட் என்பதைப் பெட்டரியில் மட்டும் 99 ஆக்கிப் பாருங்கள். ஒரு சதவீதம்தானே குறைகிறது என்று தோன்றும், ஆனால் 100க்குக் கீழே வந்தவுடன் டர்போ வேகம் நின்றுவிடும், சூடும் ஃபேன் சத்தமும் குறையும். சூம் திணறினால் திருப்பி 100.

இன்னொன்று, குளிருக்குக் கம்பளிக்கு மேல் வைத்துக்கொண்டு வேலை செய்கிறீர்களா? நம்ம பக்கம் எல்லோரும் செய்வது. அடியில் உள்ள காற்று ஓட்டையில் கம்பளி ஒட்டிக்கொள்ளும், ஃபேன் கத்திக்கொண்டே இருக்கும், அதுவும் பெட்டரியில் இருந்துதான் போகிறது. அடியில் ஒரு அப்பியாசக் கொப்பி மட்டையாவது வையுங்கள்.

பென்குயின், பதுளை:

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை என்று சொல்ல ஆசை, ஆனால் பொய் சொல்லக் கூடாது. எஸ்3 இல்லாத மெஷினில் லினக்ஸும் அதே அரைத் தூக்கம்தான் தூங்கும். லினக்ஸில் ஒரு வகையான உபுண்டுவில் ஹைபர்நேட்டை இயக்குவது இதைவிடப் பெரிய பாடு, ரேம் அளவுக்கு டிஸ்க்கில் ஸ்வொப் என்ற இடம் ஒதுக்க வேண்டும், செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு இயங்கினால் விடாது. சில திங்க்பேட் மொடல்களில் மட்டும் பயோஸில் (விண்டோஸுக்கு முன்னால் திறக்கும் மெஷினின் சொந்த செட்டிங் பக்கம்) ஸ்லீப் ஸ்டேட் என்று ஒரு தெரிவு இருக்கும், அதில் லினக்ஸ் என்று போட்டால் பழைய எஸ்3 வந்துவிடும். தங்கச்சி விண்டோஸிலேயே இருங்கள்.

அப்புறம் ஸ்க்ரூட்ரைவர் அண்ணா ஒன்றை விட்டுவிட்டார். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் சார்ஜரிலேயே போட்டு வைத்திருந்தால் சார்ஜ் எல்லையை 80இல் நிறுத்தி வையுங்கள். லித்தியம் பெட்டரி 100இலேயே நின்று சூட்டிலும் இருந்தால் அதுதான் அதை வேகமாகத் தின்னும். லெனோவோ என்றால் வான்டேஜ் செயலியில் கன்சர்வேஷன் மோட், ஆசுஸ் என்றால் மைஆசுஸ் செயலி, டெல், எச்பி என்றால் பயோஸிலேயே இருக்கும்.

கொத்மலை ஓயா:

80இல் நிறுத்துவதா? கொழும்பில் இருப்பவனுக்குச் சொல்ல வேண்டிய அறிவுரை. இங்கே கரண்ட் சொல்லிவிட்டா போகிறது? கனியன், விமலசுரேந்திர, லக்ஷபான, மேல் கொத்மலை மின் நிலையங்கள் எல்லாம் நம்ம மலைத் தண்ணியில் ஓடுகிறது, லயத்தில் மட்டும் குப்பி விளக்கு. நான் எப்போதும் 100தான்.

பென்குயின், பதுளை:

உற்பத்திக்கும் உங்கள் வீட்டு லைனில் மரம் விழுவதற்கும் என்ன சம்பந்தம் என்று தனியாகச் சண்டை போடலாம். 100இலேயே வைத்து வைத்து வருடத்துக்கு ஒரு பெட்டரி மாற்றுவதென்றால் உங்கள் இஷ்டம்.

ஸ்க்ரூட்ரைவர், ஹட்டன்:

இரண்டு பேரும் கணக்குப் போடுங்கள். தங்கச்சியின் பெட்டரியில் கடைசி 20 சதவீதம் என்பது ஐந்தரை வாட் அவர், கரண்ட் இல்லாத நேரத்தில் சுமார் அரை மணித்தியாலம். ஜனவரியில் இருந்து மார்ச் வரை வெயில் காலத்தில் அந்த அரை மணித்தியாலம் தேவைப்படாது, 80இல் வையுங்கள். மே மாதம் தென்மேல் காற்று பிடித்ததும் எல்லையை எடுத்துவிடுங்கள், மின்சார சபை திருத்த வேலைக்கு நேரம் அறிவித்த நாளுக்கு முந்தின இரவும் எடுத்துவிடுங்கள். இப்போது காற்றுக் காலம், ஆகவே தங்கச்சிக்கு 100. அதோடு நம்ம ஊர்க் குளிரில் பெட்டரி கொழும்பை விட மெதுவாகத்தான் கிழடாகும், அந்த ஒரு லாபமாவது நமக்கு இருக்கட்டும்.

டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ, மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலோ பெட்டரி ஊதியிருக்கிறது. அப்போது இந்த செட்டிங் எதுவும் பேச வேண்டாம், சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டுக் கழற்றக் கொடுங்கள்.

ஏர்த் வயர், பொகவந்தலாவ:

வயரிங் வேலைக்காரன் என்பதால் செருகுவது பற்றி மட்டும். லயத்துக் கடைசி வீடுகளில் மாலையில் எல்லோரும் ஹீட்டரும் ரைஸ் குக்கரும் போடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும், பல்பு மங்கும். லெப்டொப் சார்ஜரில் 100 முதல் 240 வோல்ட் என்று எழுதியிருக்கும், அதனால் குறைந்த வோல்டேஜில் அது எரிந்துபோகாது. ஆனால் ரொம்ப இறங்கினால் விட்டு விட்டு வேலை செய்யும், திரை கூடி மங்கி கூடி மங்கி விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள், அது விண்டோஸ் ஒவ்வொரு முறையும் பெட்டரிக்கும் சார்ஜருக்கும் மாறுவது. அந்த நேரத்தில் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பெட்டரியில் வேலை செய்வது நல்லது.

கரண்ட் போனவுடன் ப்ளக்கைக் கழற்றுங்கள். ஆபத்து போகும்போது இல்லை, திரும்பி வரும் அந்த முதல் வீச்சில். வந்து விளக்கு ஒரே மாதிரி எரிகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் செருகலாம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி முழங்கும்போது சார்ஜரும் ரவுட்டரும் இரண்டுமே சுவரில் இருக்கக் கூடாது, பக்கத்தில் விழும் மின்னலை எந்த சர்ஜ் ப்ரொட்டெக்டரும் நிறுத்தாது.

இரண்டு கால் உருண்டை ப்ளக்கை மூன்று ஓட்டை சொக்கட்டில் போட ஏர்த் ஓட்டைக்குள் பேனா மூடியைக் குத்தி வைக்கும் பழக்கத்தை விடுங்கள். லெப்டொப் உடம்பில் கை வைத்தால் சிலிர்க்கிறது என்று என்னிடம் வரும் பாதிப் பேர் வீட்டில் சார்ஜருக்கு ஏர்த் சேரவில்லை.

தேயிலைக்கிளி, மஸ்கெலியா:

எல்லாவற்றையும் செய்துவிட்டேன். காலையில் 82இல் மூடினேன், வந்து திறந்தால் 82. பையிலும் சூடு இல்லை. சார்ஜ் எல்லைக்கு ஒப்ஷன் பயோஸில் இருக்கிறது, இப்போதைக்குத் தொடவில்லை. ப்ரொசசரை 99 ஆக்கினால் சூமில் திரையைப் பகிரும்போது கொஞ்சம் இழுக்கிறது, அதனால் திருப்பி 100இல் விட்டேன். ஏர்த் வயர் அண்ணா, பேனா மூடி எங்கள் வீட்டிலும் இருந்தது, அப்பாவிடம் சொல்லி நாளைக்கு ப்ளக் மாற்றுகிறோம்.

இன்னும் ஒரே ஒரு கேள்வி. என்னிடம் 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று இருக்கிறது, டைப் சி வயரில் லெப்டொப்பில் குத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. லெப்டொப்பில் டைப் சி ஓட்டை இருக்கிறது. ஏன்?

ஸ்க்ரூட்ரைவர், ஹட்டன்:

ஓட்டை இருப்பதால் மட்டும் சார்ஜ் ஏறாது. ஓட்டைக்குப் பக்கத்தில் ப்ளக் படமோ, பிடி (பவர் டெலிவரி) என்ற இரண்டு ஆங்கில எழுத்தோ இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் அது டேட்டாவுக்கு மட்டுமானதாக இருக்கலாம், மொடல் நம்பரைப் போட்டுத் தேடினால் உறுதியாகத் தெரியும். அது சார்ஜ் வாங்கும் ஓட்டை என்றாலும் பவர் பேங்க்கின் பின்னால் எத்தனை வாட் என்று பார்க்க வேண்டும், போனுக்கான 18, 22 வாட் பேங்க்கை நிறைய லெப்டொப் கணக்கிலேயே எடுக்காது, 45 அல்லது 65 வாட் தேவை. அதை வாங்குகிற காசுக்கு முதலில் ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்குங்கள், 12 வோல்ட் ரவுட்டர் என்றால் அதற்கென்றே விற்கிறார்கள். லெப்டொப் இரண்டு மணித்தியாலம் நின்று, வைஃபை முதல் நிமிடத்திலேயே போனால் வகுப்பு எப்படி எடுப்பது? இப்போதுள்ள பவர் பேங்க்கை ஹொட்ஸ்பொட் போடும் போனுக்கு வைத்துக்கொள்ளுங்கள், சிக்னல் குறைந்த இடத்தில் ஹொட்ஸ்பொட் போட்டால் போன் சார்ஜ் கண் முன்னால் இறங்கும்.